காதம்மாவின் வீட்டுக்காரர்

"அக்கா, இன்னைக்கும் எல்லாரும் என்னைப் பாவமா பாத்தாங்க."

தினமும் வேலை முடிந்து வந்ததும், மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு காதம்மா இதைத்தான் சொல்வாள். மழையோ வெயிலோ ஜுரமோ, இந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறாது. நான் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாரு பாத்தாங்க?" என்பேன்.

"எல்லாரும்தான். பெரிய சிஸ்டர், ஆயாம்மா, ஆஸ்பத்திரிக்குக் கீழ இருக்கற கண்ணாடிக் கடைக்காரர். இன்னைக்குக் காது டெஸ்ட் பண்ண வந்த ஒரு பெரியவர் என் கையைப் புடிச்சு, 'எல்லாம் சரியாயிடும்மா'ன்னு சொல்லிட்டுப் போறார். சரியாக வேண்டியது அவரு காது. எனக்கு என்ன ஆச்சு?"

நான் கரண்டியும் கையுமாக ஒரு நிமிஷம் யோசித்து, உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவேன். என்னிடம் உள்ள வியாதியே அதுதான். யார் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காதம்மா வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். எந்தக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்வதும், அதற்குத் தக்க மிஷினை மாட்டிப் பழக்குவதும் அவள் வேலை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் காது ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதத் தற்காலிக வேலையில் வந்தாள். டாக்டருக்குத் திருப்தியாக இருந்தால் நிரந்தரம் என்று பேச்சு. அவளுக்கு நீளமான, அழகான பெயர் ஒன்று உண்டு. காது கேட்காதவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லி மாளுமா? வந்த கொஞ்ச நாளிலேயே அவர்களாக 'காதம்மா' என்று வைத்துவிட்டார்கள். எங்கள் மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறாள்.

தமிழ் அவளுடைய அம்மா கொடுத்தது. சோறு போட, திட்ட, தாஜா பண்ணித் தூங்க வைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தமிழ். அது நன்றாகவே இருக்கும். நம்மோடு பேசும்போது வெளிநாட்டுக்காரி என்றே தோன்றாது. ஆபத்தே அங்கேதான் இருந்தது.

அவள் வந்து இறங்கிய அன்று பெட்டியைத் திறந்தாள். உள்ளே துணியைவிடச் சாமான்தான் அதிகம். ஊதுகிற விசில், கதவுக்கு அடியில் சொருகும் கட்டை, கொசுவலை, தண்ணீர் வடிகட்டும் குழாய். வேலைக்காகத் தனியாக இந்தப் பக்கம் வரும் பெண்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரோ எழுதியதை வேறு அச்செடுத்து வந்திருந்தாள். நான் இரண்டு வரி படித்துவிட்டு மடக்கி வைத்தேன்.

"இதை எழுதினவ இங்க வந்து இருந்துதான் எழுதினாளா, இல்ல ப்ளேன்ல தூங்கிட்டே மேலால போயிட்டாளா? எதுன்னாலும் என்னைக் கேளு, நான் சொல்றேன்."

நான் வெளிநாடு போனதில்லை. வேலைக்கும் போனதில்லை. விமானம் என்றால், கொழுந்தனாரை வழியனுப்பப் போய் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டியதோடு சரி. தெரியாத ஊரில் வேலைக்குப் போகும் ஒருத்தி எங்கே திணறுவாள் என்று எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

முதலில் கயிறு கட்டும் ஷூவை ஓரம் கட்டச் சொன்னேன். வாசலுக்கு வாசல் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது, மாட்டிக் கழற்றுகிற செருப்பு வாங்கு என்றேன். தண்ணீரைக் காய்ச்சி பாட்டிலில் எடுத்துப்போ என்றேன். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டன. அந்தத் தைரியத்தில்தான் மற்றதையெல்லாம் அள்ளி விட்டேன்.

கடைக்காரர் விலை சொன்னால் சிரி, தானாகக் குறைப்பார் என்றேன். அவள் போய் மனசாரச் சிரித்திருக்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சொன்ன விலையையே வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் முழங்கையை வெளியே வைத்துக்கொள் என்றேன். அது நேராகக் கண்டக்டர் விலாவில் இறங்கியது. ஆட்டோவில் ஏறியதும் யாரோடாவது போனில் பேசுவதுபோல் பேசு என்றேன். அவளுக்கு நடிக்க வராது. நிஜமாகவே எனக்குப் போன் போட்டு, "அக்கா, இப்ப லெஃப்ட்ல திரும்பறோம். அக்கா, ஒரு மாடு நிக்குது" என்று வீடு வரைக்கும் ஒப்பிப்பாள். அடுப்பில் என் குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முக்கியமான யோசனை. இதைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"எவனாவது 'வாங்க, வண்டில விட்டுடறேன்'னு வழிஞ்சான்னா, போன் நம்பர் கேட்டான்னா, 'வீட்டுக்காரர் காத்துக்கிட்டிருப்பார்'னு ஒரு வார்த்தை சொல்லு. அதுக்கு மேல ஒருத்தனும் பேச மாட்டான்."

"அவ்வளவுதானா அக்கா? அது உண்மைதானே? காத்துக்கிட்டுத்தானே இருக்கார்?"

அடடா, என்ன சமர்த்து, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாளே என்று மெச்சிக்கொண்டேன். நான் சொன்னதை நான் அல்லவா யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்!

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவருக்குள் இருக்கும் இலாகா ஓய்வு பெறவில்லை. மோட்டார் ஸ்விட்ச்சை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. மாடிக்குத் தண்ணீர் ஏறும் நேரம், நிற்கும் நேரம் எல்லாம் அவர் கையில். ராத்திரி கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டால்தான் அவருக்குத் தூக்கமே வரும். யாராவது வர நேரமானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றபடி சாது.

ஆஸ்பத்திரியில் காதம்மா கெட்டிக்காரி என்று பெயர் எடுத்துவிட்டாள். நம் ஆட்களை அவள் கண்டுபிடித்த விதம் இருக்கிறதே! அங்கே சத்தம் புகாத ஒரு சின்ன அறை உண்டு. பேஷண்ட் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவள் சத்தம் கொடுப்பாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். முதல் வாரம் வந்த எல்லோருக்குமே காது பிரமாதமாகக் கேட்டதாம். பிறகுதான் புரிந்திருக்கிறது. அவர்கள் இவள் முகத்தையே பார்த்திருக்கிறார்கள். இவள் பட்டனை அழுத்தித் தலையை நிமிர்த்தும்போதெல்லாம் விரலைத் தூக்கியிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்த பொண்ணு, ஆசையாகக் கேட்கிறாள், கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்ற மரியாதை! மறுநாளே நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் நிஜமான செவிடெல்லாம் வெளியே வந்தது.

இப்படிப்பட்டவளை ஏன் எல்லோரும் பாவமாகப் பார்க்க வேண்டும்? நானும் தினம் ஒரு காரணம் சொன்னேன்.

"ஒல்லியா இருக்கே, அதான்" என்று மதியச் சாப்பாட்டை நானே கட்டிக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்ததும் ஆயாம்மா, "யாரு சமைச்சது?" என்று கேட்டாராம். இவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். சரி, காதில் ஒன்றும் போடாததுதான் காரணம், காது ஆஸ்பத்திரியில் மொட்டைக் காதோடு நின்றால் பாவமாகத்தான் இருக்கும் என்று ஒரு ஜோடி மணித்தோடு வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் பாவம். சாம்பல் கலர் துணியை விட்டுவிட்டுப் பளிச்சென்று கட்டு என்றேன். அதற்கும் பாவம். கடைசியில், "நீ உம்முனு இருக்கே. வீட்டைப் பத்தி நாலு நல்ல வார்த்தை கலகலன்னு பேசு" என்றேன். பேசியிருக்கிறாள். அன்றைக்குப் பெரிய சிஸ்டர் கண்ணையே துடைத்துக்கொண்டாராம்.

ஆறாவது மாதம் ஒரு நாள் வந்தவள் புகார் எதுவும் சொல்லவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, இன்னைக்கு யாரும் பாக்கலையா?"

"டாக்டர் வேற ஆள் பாக்கறார் அக்கா. வேலைக்குப் போறவங்க வர்றதுக்காகச் சாயங்காலமும் திறக்கப் போறாங்க. காலைலயும் சாயங்காலமும் பாக்கற ஆள்தான் வேணுமாம். 'உங்களுக்குச் சாயங்காலம் தோதுப்படாதும்மா, எனக்குத் தெரியும்'னு அவரே சொல்லிட்டார். தோதுப்படாதுன்னு நான் எப்ப சொன்னேன்? இந்த மாசத்தோட சரியாம்."

"போனா போகட்டும், அங்கயே போய்..."

"எங்க அக்கா? அம்மா போன பிறகு அந்த வீட்டைக் காலி பண்ணிட்டேன். அங்க என் நாற்காலில வேற ஆள் உக்காந்தாச்சு. நான் பாத்துட்டுப் போக வரலை. இருக்கத்தான் வந்தேன்."

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் தலையில் எண்ணெயை வழிய வைத்துக்கொண்டு, நைட்டிக்கு மேலே துண்டோடு இருக்கிறேன். கேட்டில் இரண்டு பேர். ஒருவர் கண்ணாடி போட்டு, குடையை மடக்கிக் கையில் கம்பு மாதிரி பிடித்திருந்தார். பின்னால் புடவையை இழுத்துச் சொருகிய ஒரு அம்மா.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்கார். நீங்க?"

"காது ஆஸ்பத்திரி. நான் ஹெட் நர்ஸ், இவங்க எங்க ஆயாம்மா." பெரிய சிஸ்டர் என்னை மேலும் கீழும் அளந்தார். "நீங்கதான் கீழ இருக்கறவங்களா?"

"ஆமா."

ஆயாம்மா 'ம்க்கும்' என்று ஒரு சத்தம் கொடுத்தார். சொத்தைக் கத்திரிக்காயை ஒதுக்கும்போது வருமே, அந்தச் சத்தம். என் எண்ணெய்த் தலைக்குத்தான் அந்த மரியாதை என்று நினைத்து, துண்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். சிஸ்டர் உட்காரவில்லை.

"சார், நாங்க சண்டைக்கு வரலை. ஒரு பொம்பளை வேலைக்குப் போறேங்கறா. சாயங்காலம் கொஞ்ச நேரம் கூட விட்டா உங்க குடும்பம் ஒன்னும் முழுகிடாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவருக்குத் தெரியாமல் எங்கேயோ வேலை தேடிக்கொண்டேன் என்று நினைத்துவிட்டார்.

"இவளையா? தாராளமா கூட்டிட்டுப் போங்க. காலைலயே வேணும்னாலும் அனுப்பறேன். சமைச்சு வச்சுட்டு வந்தா போதும்."

"இவங்களை யாரு கேட்டா? மேல இருக்கறவங்களைப் பத்திப் பேசறோம்."

"மேல இருக்கறவளா? அவ எப்ப போனா எனக்கென்ன, எப்ப வந்தா எனக்கென்ன? ஒன்னாந்தேதியானா கைக்குப் பணம் வந்துடணும், அவ்வளவுதான்."

"கேட்டீங்களா சிஸ்டர், வாயாலயே சொல்றார்!" என்றார் ஆயாம்மா.

சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "சம்பளத்தைப் புடுங்கிக்கறீங்க. குளிக்கற தண்ணியை அளந்து விடறீங்க. கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில கட்டிக்கறீங்க. மேல ஒருத்தி, கீழ ஒருத்தி. நல்லா இருக்கா சார் இது?"

"தண்ணியை அளக்கறதுல என்ன தப்பு?" என்றார் இவர். அவ்வளவு குற்றச்சாட்டில் அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். "மோட்டார் காயில் போச்சுன்னா நீங்களா வந்து கட்டித் தருவீங்க?"

சிஸ்டர் அவரைக் கைகழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒரு பொம்பளைதானே? இத்தனையும் பாத்துக்கிட்டு, அவளுக்கே சோறும் கட்டிக் குடுத்துட்டு எப்படி இருக்கீங்க? ஒன்னு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க மூத்தவங்களா, இளையவங்களா?"

நான் என் பிறந்த வீட்டைக் கேட்கிறார் என்று நினைத்து, "நான் மூணாவது" என்றேன்.

ஆயாம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு, காலி வாளியோடு காதம்மா இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சிஸ்டர்! வாங்க வாங்க, உக்காருங்க. இவர்தான் நான் சொன்னேனே, எங்க வீட்டுக்காரர். இவங்கதான் அவரோட சம்சாரம், எனக்குச் சாப்பாடு கட்டித் தர்ற அக்கா."

எனக்கு உச்சந்தலை எண்ணெய் சட்டென்று சூடானது போல் இருந்தது.

"ஏம்மா, இங்க வா. இவரு உனக்கு யாரு?"

"வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரர்னா?"

"வீட்டுக்குச் சொந்தக்காரர். வாடகை வாங்கறவர். ஏன் அக்கா, அங்கயும் எங்கம்மா அப்படித்தானே சொல்வாங்க? 'வீட்டுக்காரர் வராரு, ரேடியோவைக் குறை'ன்னு."

"உங்கப்பாவை என்னன்னு சொல்வாங்க?"

"'உங்கப்பா'ன்னு சொல்வாங்க."

"நான் இத்தனை நாளா இவரை 'எங்க வீட்டுக்காரர், எங்க வீட்டுக்காரர்'னு சொன்னேனே, அப்ப என்னன்னு நினைச்சே?"

"வீடு அவர் பேர்ல இருக்கு, அதான் அப்படிச் சொல்றீங்கன்னு நினைச்சேன் அக்கா." கொஞ்சம் தயங்கினாள். "நீங்களும் வாடகை குடுக்கறீங்களோன்னு ஒரு நாள் சந்தேகம் கூட வந்துச்சு. கேட்டா வருத்தப்படுவீங்கன்னு கேக்கலை."

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

முதலில் சிரித்தவர் ஆயாம்மா. வாசற்படியில் உட்கார்ந்தபடியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அப்புறம் சிஸ்டர். எங்கள் வீட்டுக்காரருக்கு நான் விளக்கிச் சொல்லி முடித்ததும், அவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் உள்ளே போய்த் தலையைச் சீவிக்கொண்டு வந்தார்.

"சிரிச்சுக்கிட்டே இருந்தா எப்படி? டாக்டர் அந்த இன்னொரு ஆளுக்கு நாளைக்குச் சொல்லிடுவாரே!" என்று சிஸ்டர் அங்கேயே போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"டாக்டர், நம்ம காதம்மாவுக்கு வீட்டுக்காரர் இல்லை டாக்டர்!"

"அடப் பாவமே! எப்ப?"

"ஐயோ, இப்ப இல்ல டாக்டர், எப்பவுமே இல்ல!"

சிஸ்டர் விஷயத்தை விளக்குவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அரைகுறையாகப் புரிந்துகொண்ட டாக்டர், "போனை அந்தம்மாகிட்ட குடுங்க" என்றார்.

"சாயங்காலம் வேலை பாப்பீங்களாம்மா?"

"பாப்பேன் டாக்டர்."

"கேட் பூட்டிடுவாங்கன்னு சொன்னீங்களே?"

எங்கள் வீட்டுக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு போனுக்குக் கிட்டே குனிந்து, "சார், நான்தான் வீட்டுக்காரர். அதாவது, வீட்டுக்குக் காரர். இன்னொரு சாவி செஞ்சு குடுத்துடறேன் சார்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கே அவர் அந்தச் சாவியைத் தந்ததில்லை.

டாக்டர் விடவில்லை. "நாளைக்கே கல்யாணம், ஊருக்குப் போறேன்னு கிளம்பிட மாட்டீங்களே?"

நான் வாயைத் திறந்தேன். சிஸ்டர் என் கையை அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

காதம்மா நிதானமாகச் சொன்னாள். "டாக்டர், நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா திரும்பிப் போக எனக்கு அங்க ஒன்னும் இல்லை. இங்க வேலை இருக்கு, எனக்குப் புடிச்சிருக்கு. நீங்க போகச் சொன்னாத்தான் போவேன்."

தெரியாததைத் தெரியாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் பாருங்கள்! எனக்கு இந்த வயதுக்கும் வராதது அது.

"சரி," என்றார் டாக்டர், "நீங்களே பாருங்க. ஆனா சாயங்காலம் ஆள் வருதான்னு தெரியணும். வந்தா ரெண்டு வேளையும் நிரந்தரமா உங்களுக்கு. வரலைன்னா சாயங்காலத்தை மூடிடுவேன். மூடிட்டா காலைக்கு மட்டும்னு தனியா ஒரு ஆள் வேண்டாம், நானே பாத்துப்பேன். பரவாயில்லையா?"

"பரவாயில்லை டாக்டர்" என்றாள்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம் ஆகிறது. தெருவில் விஷயம் பரவிவிட்டது. காய் வாங்கப் போனால், "என்ன மூணாவதம்மா, சௌக்கியமா?" என்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு உள்ளூர ஒரே பூரிப்பு. இரண்டு சம்சாரக்காரர் என்று ஒரு ஆஸ்பத்திரியே நம்பியதில் ஆள் நிமிர்ந்து நடக்கிறார். இஸ்திரி போடாத சட்டையை இப்போது தொடுவதே இல்லை. அவரையும் காதம்மா அந்தச் சின்ன அறையில் உட்கார வைத்துப் பார்த்தாள். இரண்டு காதும் பழுதில்லையாம், ஊசி விழுந்தால் கூடக் கேட்குமாம். அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் கூப்பிட்டதெல்லாம்? அந்த விசாரணை தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

நானும் யோசனை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டேன். காதம்மா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆயாம்மாவிடம் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் செய்கிறாள்.

ஆனால் சாயங்காலம் இன்னும் ஆள் சேரவில்லை. மூன்று பேர், நான்கு பேர், சில நாள் ஒருவர் கூட இல்லை. கண் மங்கினால் ஓடுகிற நாம், காது மந்தமானால் மட்டும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். எதிராளிதான் முணுமுணுக்கிறான் என்று பழி போட்டுவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் டிவியை அலறவிடுகிற ஒருவர் இருப்பார். போனில் பேசினால் எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படி கத்துகிற ஒருவர் இருப்பார். எல்லாவற்றுக்கும் "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காதம்மாவைப் பாருங்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. படி கொஞ்சம் செங்குத்து, பெரியவர்களைக் கையைப் பிடித்து ஏற்றுங்கள். வேலை முடிந்து வருகிற நேரத்தில் போங்கள், காலையில் வேண்டாம். அந்தச் சாயங்கால பெஞ்சில்தான் ஆள் உட்கார வேண்டும்.